அகம், கரு, காழ், வயிரம், ஈரக்குலை: ஆக உள்ளே இருப்பதைச் சொல்லும் சொற்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் காது எப்போதும் மூன்று மொழிகளுக்குத் திறந்திருக்கும். ஓசூர்ச் சந்தையில் ஒரு மணி நேரம் நின்றால் தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றிலும் விலை கேட்கலாம். சொல்லின் வேரைத் தேடுகிறவர்களுக்கு இதைவிட நல்ல இடம் அமையாது. பழம், மரம், உடம்பு, கோயில், மனசு என்று எதுவானாலும், அதன் உள்ளுக்குள் உள்ளதைக் குறிக்கும் சொற்களைப் பற்றி இந்தப் பக்கத்து ஆசிரியர்களும் மாணவர்களும் திரும்பத் திரும்பக் கேட்பவற்றுக்கான விடைகள் இவை.

எல்லாவற்றுக்கும் பொதுவாக ‘மையப்பகுதி’ என்று எழுதினால் போதாதா?

இடத்தைக் காட்டப் போதும். பொருளைக் காட்டப் போதாது. தமிழ் ஒரு பொருளின் உள்ளே இருப்பதற்குப் பேர் வைக்கும்போது அது எங்கே இருக்கிறது என்பதோடு நிற்பதில்லை. கெட்டியா, கொழகொழப்பா, முளைக்குமா, தொங்குமா என்று தொட்டுப் பார்த்துப் பேர் வைத்திருக்கிறது. மரத்துக்கு வயிரம், கற்றாழைக்குச் சோறு, மாங்கொட்டைக்குப் பருப்பு, பலாவுக்குச் சுளை, வாழைக்குக் குருத்து, முட்டைக்குக் கரு. இவற்றில் ஒன்றை எடுத்து இன்னொன்றின் இடத்தில் வைக்க முடியாது. ‘மரத்தின் சோறு’ என்றால் உதவாத மரம் என்று பொருளாகிவிடும். பாடநூல் நடையில் எல்லாமே ‘மையப்பகுதி’ ஆகும்போது இந்தத் தொட்டறிந்த அறிவு நம் கையை விட்டுப் போகிறது. அதனால்தான் இந்தச் சொற்களை அவை பிறந்த இடத்திலேயே வைத்துப் புரிந்துகொள்ள வேண்டும் என்கிறோம்.

உள், அகம் இரண்டும் ஒன்றுதானே?

இரண்டும் தமிழின் சொந்தச் சொற்கள், இரண்டுக்கும் ‘உட்புறம்’ என்று பொருள். ஆனால் போன வழி வேறு. உள் என்பது இடம் காட்டும் சொல்லாகவே நின்றது: உள்ளே, உள்ளார, உள்ளூர், உள்நாடு. அகம் என்பது உட்புறத்தைக் குறித்து, பிறகு மனம், வீடு என்றும் விரிந்தது. அகத்திணை என்னும்போது மனத்துக்குள் நிகழும் வாழ்க்கை. ‘ஆத்துக்காரர்’ என்னும்போது அகத்துக்காரர், அதாவது வீட்டுக்காரர். உணவகம், நூலகம், மருந்தகம் என்று பலகைகளில் எழுதுகிறோமே, அங்கே இருப்பதும் இடம், வீடு என்ற பொருளில் வரும் இதே அகம்தான்.

அகம் அடுத்த சொல்லோடு சேரும்போது சுருங்கும். அகம் + கை = அங்கை, அகம் + செவி = அஞ்செவி. நடுவில் உள்ள ககரம் கெடும் என்று இதற்கென்றே நன்னூலில் விதி இருக்கிறது. உள்ளங்கை என்பதை உள் + அகம் + கை என்று பிரித்துப் பார்த்தால், ‘உள்’ என்ற பொருள் அதில் இரண்டு முறை இருப்பது தெரியும்.

அகம் என்பது வடமொழி ‘அஹம்’ என்பதிலிருந்து வந்ததா?

இல்லை. வடமொழி அஹம் என்றால் ‘நான்’. அகங்காரம் அதிலிருந்து வந்தது. தமிழ் அகத்துக்கு ‘நான்’ என்ற பொருள் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. எழுத்தில் ஒன்றுபோல் இருப்பதால் வரும் குழப்பம் இது. அகழி, அகழாய்வு ஆகியவையும் அகத்தோடு சேர்ந்தவை என்று நினைப்பவர்கள் உண்டு. அவை ‘அகழ்’ (தோண்டு) என்ற தனி வினையிலிருந்து வந்தவை. ழகரத்தைக் கவனித்தால் போதும்.

‘உள்’ என்பதைக் கன்னடக்காரர் ‘ஒள’ (ஒ + ள) என்றும் தெலுங்கர் ‘லோ’ என்றும் சொல்கிறார்களே, எது சரி?

மூன்றும் ஒரே வேரின் கிளைகள். கன்னடம் தமிழின் உகரத்தைப் பல சொற்களில் ஒகரமாக வைத்திருக்கும்: உடல் அங்கே ஒடலு, புகை அங்கே ஹொகெ. அதே வழியில் உள், ‘ஒள’ ஆனது; ‘ஒளகெ’ என்றால் உள்ளே. தெலுங்கு வேறொரு வேலை செய்கிறது. சொல்லின் முதலில் நிற்கும் உயிரை மெய்க்குப் பின்னால் தள்ளிவிடும். அவன் அங்கே வாடு, இவன் அங்கே வீடு. அப்படித்தான் உள், ‘லோ’ ஆகி, ‘லோபல’ என்றும் வளர்ந்தது. வேப்பனப்பள்ளிப் பக்கமோ தளிப் பக்கமோ போகிறவர்கள் இந்த இரண்டு மாற்றங்களையும் மனத்தில் வைத்துக்கொண்டால், புரியாதது போல் கேட்கும் பல சொற்கள் நம் சொற்களாகவே கேட்கும்.

வயிரம் பாய்ந்த மரம் என்றால் என்ன? வாங்கும்போது எப்படிப் பார்ப்பது?

மரம் வளர வளர அதன் வெளிச்சுற்றுதான் வேரிலிருந்து தண்ணீரை ஏற்றிக்கொண்டிருக்கும். உள்ளே உள்ள பழைய திசுக்கள் வேலையை நிறுத்தும். அவற்றில் பிசினும் துவர்ப்புப் பொருள்களும் சேர்ந்து, நிறம் கறுத்தோ சிவந்தோ போய், கெட்டிப்படும். அந்தக் கெட்டிப் பகுதிதான் வயிரம். அதைச் சுற்றியிருக்கும் வெளிர்நிற வளையத்தை ஆசாரிமார் ‘வெள்ளை’ என்பார்கள். வெள்ளையில் மாவுச்சத்து இருக்கும். உளுப்பு வண்டு அதைத் தின்னத்தான் வருகிறது. நிலைக்கதவின் கீழே மாவு மாதிரித் தூள் கொட்டுகிறது என்றால், மரத்தில் வெள்ளையை விட்டுவைத்திருக்கிறார்கள் என்றே பெரும்பாலும் பொருள்.

பார்க்கும் முறை இது. மரத்தின் அறுத்த முனையை ஈரத்துணியால் துடையுங்கள். ஓரிரு நிமிடத்தில் நிறக்கோடு எடுப்பாகத் தெரியும். வெள்ளை வளையத்தின் தடிமனை ஒரே பக்கத்தில் அளக்காமல் எதிரெதிர்ப் பக்கங்களிலும் அளக்க வேண்டும், ஏனென்றால் வயிரம் பெரும்பாலும் ஒரு பக்கமாக ஒதுங்கியிருக்கும். முனையில் செம்மண்ணோ சாயமோ பூசியிருந்தால் ஓர் அங்குலம் அறுக்கச் சொல்லிப் புதுமுகத்தைப் பாருங்கள்.

கணக்கு பலரை ஏமாற்றும் இடம் ஒன்று உண்டு. 30 செ.மீ. விட்டமுள்ள கட்டையில் சுற்றிலும் 4 செ.மீ. வெள்ளை. ‘நாலு செ.மீ.தானே’ என்று தோன்றும். வயிரத்தின் விட்டம் 22 செ.மீ. தான். பரப்பாகக் கணக்கிட்டால் ((22 × 22) ÷ (30 × 30)) 54 விழுக்காடுதான் வயிரம். கிட்டத்தட்டப் பாதிக் காசு வெள்ளைக்குப் போகிறது.

புளியமரத்தில் வயிரம் சிறியதாக, கோணல்மாணலாக, கருஞ்சிவப்பாக இருக்கும். ஆனால் அதன் கெட்டி தனி. உலக்கை, செக்கு, கறிக்கடை வெட்டுக்கட்டை எல்லாம் புளியில் செய்ததற்கு அதுவே காரணம். சந்தனத்தில் மணமும் எண்ணெயும் வயிரத்தில்தான் இருக்கின்றன. அதனால்தான் சந்தனக் கட்டையின் வெள்ளையைச் செதுக்கித் தள்ளுகிறார்கள்.

வயிரம் தமிழ்ச்சொல்லா?

வயிரம், வைரம் இரண்டும் வடமொழி ‘வஜ்ர’ என்பது பிராகிருத வழியாகத் தமிழுக்கு வந்த வடிவங்கள். மணியையும் கெட்டிப் பொருளையும் குறித்து, பிறகு மரத்தின் உட்பகுதிக்கு வந்தது. அதற்கு முன்பிருந்தே நம்மிடம் இருக்கும் சொல் காழ். மரத்தின் உட்கெட்டி, விதை, உறுதி எல்லாம் காழ். இன்று தனியாக யாரும் அதைச் சொல்வதில்லை. ஆனாலும் ‘காழ்ப்பு’, ‘காழ்ப்புணர்ச்சி’ என்று தினமும் நாளிதழில் படிக்கிறோம். மனசுக்குள் வயிரம்போல் இறுகிப்போன பகைதான் காழ்ப்பு. இந்தச் சொல்லை இப்படி அறிந்தபின் அதைச் சும்மா ‘வெறுப்பு’ என்பதற்கு மாற்றாகப் போட மனம் வராது.

சேகு என்று இன்னொரு சொல்லும் உண்டு. சிவப்பு, வயிரம் என்ற இரண்டு பொருளும் அதற்கு இருக்கின்றன. தெலுங்கில் மரத்தின் வயிரத்துக்கு ‘சேவ’ என்று பேர். வலு என்ற பொருளும் அதற்கு உண்டு. மலையாளத்தில் வயிரத்துக்குக் ‘காதல்’ என்று சொல்வார்கள். நம் காதலோடு அதைச் சேர்த்துக் கவிதை எழுதலாம், சொற்பிறப்பு எழுத வேண்டாம்.

வயிரம் இல்லாத மரத்துக்கு வெளிறு என்று பேர். அதே சொல்லுக்கு அறியாமை என்றும் பொருள். அரிய நூல்களைக் கற்றுக் குற்றமற்றவர்களிடமும் ஆராய்ந்து பார்த்தால் வெளிறு இல்லாமல் இருப்பது அரிது என்று குறளில் (503) வருகிறது. உள்ளீடு இல்லாத மரமும் அறிவில்லாத மனமும் ஒரே சொல்லில் நிற்கின்றன.

வைராக்கியம் என்பது வைரம் + ஆக்கியம் தானே?

இல்லை. விராகம் (பற்றின்மை) என்பதிலிருந்து வந்தது வைராக்கியம். பகைவனைக் குறிக்கும் வைரியும் இந்த வைரத்தைச் சேர்ந்ததன்று. பகையைக் குறிக்கும் வேறொரு வடமொழிச் சொல்லிலிருந்து வந்தது.

பனைமரத்துக்கு ஏன் உள்ளே வயிரம் இல்லை?

பனை, தென்னை, மூங்கில் இவற்றுக்குக் கெட்டி வெளியே, மென்மை உள்ளே. தொல்காப்பிய மரபியல் இதைக் கொண்டே இனம் பிரிக்கிறது: புறத்தில் காழ் உள்ளவை புல், அகத்தில் காழ் உள்ளவை மரம். இன்றைய தாவரவியல் பனையைப் புல்லோடு சேர்த்து ஒருவித்திலைத் தாவரம் என்கிறது. வெட்டுமுகத்தைப் பார்த்தே நம் முன்னோர் அந்தப் பிரிவைக் கண்டிருக்கிறார்கள்.

கூரை வேய்கிறவர்களுக்கு இது அன்றாட வேலை. பனையை நீளவாக்கில் பிளந்து, உள்ளிருக்கும் சோற்றுப் பகுதியைச் செதுக்கி எறிந்துவிட்டு, வெளிப்பகுதியைக் கைமரமாக எடுப்பார்கள். சோற்றை விட்டுவைத்தால் ஈரம் பிடித்து, பூச்சி முதலில் அங்கேதான் ஏறும். இளம்பனையில் வெளிக்காழும் மெல்லியதாகவே இருக்கும்; அது பாரம் தாங்காது.

சோற்றுக் கற்றாழையில் சோறு எங்கே இருக்கிறது?

மடலைக் கீறினால் கண்ணாடிபோல் வழவழவென்று வருகிறதே, அதுதான் சோறு. வெந்த அரிசியைச் சொல்லும் அதே சொல், தாவரத்தின் உள்ளிருக்கும் மென்சதைக்கும் உரியது. எடுக்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். தோலுக்கு ஒட்டினாற்போல் மஞ்சள் பால் ஒன்று ஓடும். கசப்பும் பேதியும் அதனால்தான். மடலை அடியோடு அறுத்து, வெட்டுவாய் கீழே இருக்கும்படி 10 முதல் 15 நிமிடம் சாய்த்து வைத்தால் அது வடியும். பிறகு இரு ஓர முட்களையும் சீவி, தோலை உரித்து, சோற்றைக் கசப்பு போகும்வரை ஏழெட்டுத் தண்ணீரில் அலச வேண்டும்.

மாங்கொட்டை, மாம்பருப்பு: எது விதை?

பருப்புதான் விதை. கொட்டை என்று நாம் சொல்லும் நார் படிந்த ஓடு, பழத்தின் சதையைச் சேர்ந்த கடைசிச் சுவர். உரித்துப் பார்த்தால் அடுக்கு தெளிவாக இருக்கும்: தோல், சதை, நார், ஓடு, அதற்குள் காகிதம்போல் பழுப்புச் சவ்வு, அதற்குள் பருப்பு. சந்தூர்ப் பக்கத்து நாற்றுப் பண்ணைகளில் ஒட்டுக்கட்ட நாற்று விடுகிறவர்களுக்கு இந்த வேறுபாடு காசு. பருப்பு காய்ந்தால் முளைக்காது; பழத்திலிருந்து எடுத்து ஒரு மாதத்துக்குள் விதைத்துவிட வேண்டும். தண்ணீரில் போட்டு, மிதக்கும் கொட்டைகளைத் தள்ளிவிடுவது வழக்கம். மிதந்தால் உள்ளே பருப்பு சுருங்கியிருக்கும் அல்லது வண்டு தின்றிருக்கும்.

கொட்டை வண்டு வேலை செய்யும் விதம், ‘உள்’ என்ற சொல்லுக்கே ஒரு பாடம். பிஞ்சின் தோலில் முட்டையிடும். புழு பொரிந்து சதையைத் துளைத்துப் பருப்புக்குள் போய்விடும். பிஞ்சு வளர வளர அந்தத் துளை மூடிக்கொள்ளும். பழத்தை வாங்குகிறவருக்கு வெளியே ஒரு தடயமும் இருக்காது, கத்தி இறங்கிய பிறகே தெரியும். உதிர்ந்த காய்களையும் கொட்டைகளையும் தோப்பிலேயே விடாமல் பொறுக்கி அழிப்பதும், வண்டு ஒளியும் பட்டை இடுக்குகளைச் சுத்தம் செய்வதும்தான் அடுத்த பருவத்துக்குக் காப்பு.

அல்போன்சாவில் வேறொரு சங்கடம். கொட்டையை ஒட்டிய சதை பஞ்சுபோல் வெளுத்து, புளித்துக் கிடக்கும். வெளித்தோல் பொன்னாக இருக்கும். பறித்த காயைச் சூடேறிய தரையில் கொட்டி வைத்தால் இது கூடும். நிழலில், வைக்கோல்மேல் பரப்ப வேண்டும்.

கரு, கருப்பம், கருமை மூன்றும் ஒரே வேரா?

மூன்றும் வெவ்வேறு. கரு (முளை, சினை, முட்டையின் உள்) தமிழ். கருமை என்ற நிறச்சொல் இன்னொரு தமிழ்வேர். கருப்பம் என்பது வடமொழி ‘கர்ப்ப’ என்பதன் தமிழ் உச்சரிப்பு. குழப்பம் வருவது கருப்பையில். அது கரு + பை. கருப்பம் அதில் இல்லை. ‘கருப்பு நிறப் பை’ என்று வேடிக்கையாகப் பிரிப்பதை மாணவர்கள் தேர்விலும் எழுதிவிடுகிறார்கள்.

உட்கரு, அணுக்கரு, புவிக்கரு என்று அறிவியலுக்கும் இதே சொல் போயிற்று. உயிரணுவுக்கு இது மிகப் பொருத்தம், ஏனென்றால் அங்கே உண்மையிலேயே அடுத்த தலைமுறைக்கான செய்தி இருக்கிறது. நம் காலடியில் சுமார் 2,900 கி.மீ. ஆழத்தில் தொடங்கும் இரும்புக் கோளத்தைக் கரு என்பது வெறும் உவமைதான்.

கருவறைக்குப் பழைய பெயர் என்ன?

கல்வெட்டுகளில் உண்ணாழிகை என்று வரும். உள் + நாழிகை. ளகரமும் நகரமும் சேர்ந்து ‘ண்ண’ ஆகிவிட்டன. அதற்குள் பணி செய்தவர்களை உண்ணாழிகை உடையார் என்று எழுதியிருக்கிறார்கள். அகநாழிகை என்றும் காணலாம். தீர்த்தமலையிலும் தருமபுரிக் கோட்டையிலும் கும்பிடப் போகிறவர்கள் ‘மூலஸ்தானம்’ என்பார்கள். மூலம் என்றால் வேர், அடி. ஆக ஒரே அறைக்கு ஒரு சொல் ‘கரு இருக்கும் இடம்’ என்கிறது, இன்னொன்று ‘வேர் இருக்கும் இடம்’ என்கிறது, உண்ணாழிகை ‘உள்ளே’ என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்கிறது.

நடுகல் என்றால் நடுவில் வைத்த கல்லா?

நட்ட கல். ‘நடு’ என்று இரண்டு சொற்கள் உண்டு: ஒன்று நாற்று நடுவதில் வரும் வினை, மற்றது நடுவீட்டில் வரும் பெயர். நடுகல்லில் இருப்பது வினை. தொல்காப்பியம் சொல்லும் ஆறு நிலைகளே சாட்சி: காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்தல். கல்லைத் தேர்ந்து, எடுத்துவந்து, நீராட்டி, அப்புறம்தான் நடுவது. தருமபுரி அகழ்வைப்பகத்திலும் கிருஷ்ணகிரி அரசு அருங்காட்சியகத்திலும் உள்ள வீரர் கற்களின் அடிப்பகுதியைக் கவனியுங்கள். சிற்பமோ எழுத்தோ இல்லாமல் கரடாக விட்டிருந்தால், அது மண்ணுக்குள் போன பகுதி.

நல்லி எலும்புக்குள் இருப்பதற்குத் தமிழில் என்ன சொல்வது?

மூளை. ஆம், தலைக்குள் இருப்பதற்கும் எலும்புக்குள் இருப்பதற்கும் பழந்தமிழில் ஒரே சொல். இரண்டும் ஓட்டுக்குள் அடைபட்ட மென்கொழுப்பு என்று கண்டிருக்கிறார்கள். இன்று எலும்புக்கு மஜ்ஜை என்ற வடசொல் நிலைத்துவிட்டது. நல்லி என்பது குழாய் என்ற பொருளில் உருதுவழி வந்த சொல். அது எலும்பின் பேர், உள்ளிருப்பதன் பேர் கிடையாது.

எல்லையைத் தாண்டினால் இந்தச் சொல் இடம் மாறி நிற்கும். தெலுங்கில் ‘மூலுக’ என்றால் எலும்புக்குள் இருப்பது. கன்னடத்தில் ‘மூளெ’ என்றால் எலும்பே. ஓசூர்க் கறிக்கடையில் கன்னடம் பேசுகிறவர் மூளெ என்று கேட்டால் அவருக்கு வேண்டியது எலும்பு. நம்மவர் மூளை என்று கேட்டால் தலைக்கறியோடு வரும் மூளை.

ஈரக்குலை நடுங்குகிறது என்கிறோமே, அது எந்த உறுப்பு?

ஒரே உறுப்பு அன்று. ஈரல் + குலை = ஈரற்குலை; பேச்சில் ஈரக்குலை. குலை என்றால் கொத்து. ஆட்டை உரித்து நெஞ்சுக்கூட்டைத் திறந்தால் மூச்சுக்குழாயைப் பிடித்து இழுக்கும்போது நுரையீரலும் இருதயமும் ஒரே கொத்தாக வரும். ஈரலையும் அதோடு சேர்த்தே தொங்கவிடுவார்கள். அந்தக் கொத்துக்குத்தான் இந்தப் பேர். காம்பில் தொங்கும் எதுவும் அசைந்தால் ஆடும். பயத்தில் உள்ளே ஏதோ ஆடுவதுபோல் இருப்பதை இவ்வளவு சரியாகச் சொல்ல வேறு சொல் கிடையாது. இதை ‘இதயம் நடுங்கியது’ என்று திருத்தும் பிழைதிருத்துநர்கள் தயவுசெய்து அப்படியே விட்டுவிட வேண்டும்.

மையம், மத்தி, அந்தரங்கம்?

முதல் இரண்டும் வடமொழி ‘மத்ய’ வழி வந்தவை. அந்தரங்கத்தில் இருப்பது ‘உள்’ என்ற பொருளுடைய அந்தர். ‘அந்தரத்தில் தொங்குது’ என்பதும் அதே குடும்பம்தான்: உள், இடையில், இடைவெளி, ஆகாயம் என்று பொருள் நகர்ந்துகொண்டே போயிருக்கிறது.

ஒரு சொல்லின் வேரை நானே சரிபார்க்க எப்படித் தொடங்குவது?

முதலில் சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி (1924–1936, பின்னிணைப்பு 1939). அதில் ஒவ்வொரு பொருளையும் தனித்தனி எண்ணில் பாருங்கள். முதல் பொருளோடு மூடிவிடுவதால்தான் சோற்றுக் கற்றாழை புரியாமல் போகிறது. இணையான தெலுங்கு, கன்னட, மலையாளச் சொற்களைச் சதுர அடைப்புக்குள் கொடுத்திருப்பார்கள். அடுத்து பர்ரோ, எமனோ இருவரும் தொகுத்த திராவிடச் சொற்பிறப்பு அகராதி (1961, இரண்டாம் பதிப்பு 1984). ஒரே எழுத்துக்கூட்டுள்ள இரு சொற்கள் அங்கே இரண்டு தனி எண்களில் இருந்தால், அவற்றைச் சேர்க்க உங்களுக்குத் தனிச் சான்று வேண்டும். மூன்றாவதாக, பக்கத்து வீட்டுக் கன்னடக்காரரிடமும் தெலுங்குக்காரரிடமும் பொருளைக் கையில் காட்டி, ‘இதுக்கு உள்ளார இருக்கறதுக்கு உங்க பேச்சுல என்ன பேரு?’ என்று கேளுங்கள். சொல்லைச் சொல்லிப் பொருள் கேட்காதீர்கள். மூளை, மூளெ போன்ற இடங்களில் அது தவறான பொருளில் கொண்டுபோய் விடும்.